பின்வரிசையில் ஒரு போன்

"டீச்சர், கொஞ்சம் பின்னால பாருங்க. உங்க பொண்ணு மறுபடியும் போனை எடுத்துட்டா."

பேங்க்கில் வேலை பார்க்கும் அக்கா காதோரம் கிசுகிசுத்ததும் டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

பிரார்த்தனைக் கூடத்தில் சொற்பொழிவு நடந்துகொண்டிருந்தது. முந்நூறு பேர் மூச்சுக் காட்டாமல் கேட்க, கடைசி வரிசைத் தூணோரம் அவருடைய பதினாறு வயது மகள் மட்டும் தலையைக் குனிந்து, இரண்டு கட்டைவிரலாலும் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்பு சாப்பிடும்போது, உப்பை எடு என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னவள்தான் இவள்: "அம்மா, எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லம்மா. நம்புற மாதிரி நடிக்கவும் வரல."

டீச்சர் அழுதார். திட்டினார். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். மகள் கைவிட்டுப் போய்விட்டாள் என்ற பயம் மட்டும் போகவில்லை. கடைசியில் அக்காவிடம் முறையிட, அவர் நடத்தும் பெண்கள் பிரார்த்தனைக் குழு யார் யாருக்காக வேண்டுவது என்று எழுதிவைக்கும் நோட்டில் மகள் பேர் ஏறியது.

அந்தப் பேருக்கு மேலே இருந்த பேர் பிரஸ் அத்தை. டீச்சருக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். முப்பது வருஷம் அச்சகத்தில் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். இரண்டு வருஷமாகக் கூடத்துப் பக்கமே தலைகாட்டவில்லை. தெருவில் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. தலைக்கனம் என்று குழு முடிவு கட்டியிருந்தது.

குழு வேண்டியது வீண்போகவில்லை. மூன்று மாதமாகப் பிரஸ் அத்தை வாராவாரம் வந்து முதல் வரிசையில் உட்காருகிறார். மடியில் விரித்த புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுப்பதில்லை. "என்ன பக்தி பாருங்க!" என்று அக்கா அந்தப் பேரைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார்.

பிரஸ் அத்தை முதலில் வந்த அதே வாரம் மகளும், "நானும் வர்றேன். ஆனா பின்னாடிதான் உட்காருவேன். ஏன்னு கேக்கக் கூடாது" என்று கிளம்பினாள். வந்ததென்னவோ வந்தாள், போனோடு வந்தாள். அவள் பேரை அக்கா அடிக்கவில்லை.

டீச்சர் எழுந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவர் மேஜை டிராயரில் எப்போதும் ஏழெட்டு போன் கிடக்கும். பெஞ்சுக்குப் பின்னால் பூனை மாதிரி வந்து பிடுங்குவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அந்தக் கை சொந்தப் பிள்ளைக்கு மட்டும் சலுகை காட்டுமா?

பிடுங்கிவிட்டார்.

"அம்மா, குடு! விட்டுப்போயிடும்!"

"மெதுவா பேசு. மானம் போகுது. யார்கூட அப்படி என்னடி பேச்சு?"

அப்போது முதல் வரிசையில் ஒரு தலை திரும்பியது. பிரஸ் அத்தை. புத்தகத்தைப் பார்த்தார், பின்வரிசையைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார். கூட்டத்தில் வழி தவறிய குழந்தை மாதிரி விழித்தார்.

டீச்சர் கையில் இருந்த போன் அதிர்ந்தது.

"என்னாச்சு கண்ணு? நின்னுபோச்சே."

அதற்கு மேலே வரி வரியாக இருந்தது. "வீட்டுக்கு வந்தவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள், எதற்கு வந்தார் என்று பிறகு கேளுங்கள் என்கிறார்." "இருமுகிறார். தண்ணீர் குடிக்கிறார்." "எல்லாரும் சிரிக்கிறார்கள். ஜோக் சுமார்தான் அத்தை."

டீச்சர் நிமிர்ந்து முதல் வரிசையைப் பார்த்தார். "அவங்களுக்குக் காது..."

"மெஷின் சத்தத்துல போயிடுச்சும்மா. சுத்தமா கேக்காது. லிஃப்ட்ல நான் பேசினப்ப என் வாயையே பார்த்தாங்க, கண்டுபிடிச்சுட்டேன். எதுவும் கேக்காத இடத்துக்கு வந்து என்ன பண்ணன்னுதான் ரெண்டு வருஷமா வரல. நான் டைப் பண்றேன், வாங்கன்னு கூட்டிட்டு வந்தேன். போனைப் புத்தகத்துக்குள்ள வச்சுப் படிக்கிறாங்க. வெளிய தெரிஞ்சா எல்லாரும் பாவம் பார்ப்பாங்களாம், சொல்லாதேன்னாங்க."

"நீதான் எதையும் நம்பலையேடி?"

"இப்பவும் நம்பலம்மா. அவங்க நம்புறாங்களே. மேடையில அவர் சொல்றதுல ஒரு வார்த்தை நான் மாத்துறதில்ல. ஜோக்கைப் பத்தி மட்டும் உண்மையைச் சொல்லிடுவேன்."

ஆறு மாதமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் டீச்சருக்கு அந்தத் தூணோரத்திலேயே இறங்கியது. இவள் எங்கேயும் போய்விடவில்லை. போனை மகள் கையில் திணித்தார்.

"சீக்கிரம் போடு. எல்லாரும் எழுந்து நிக்கணுங்கிறார்."

கூட்டம் எழுந்தது. ஒரு நொடி கழித்து, முதல் வரிசையில் பிரஸ் அத்தையும் எழுந்தார்.

வாசலில் அக்கா நோட்டும் கையுமாக மடக்கினார். "பிரஸ் அத்தையை நம்ம பிரார்த்தனை எப்படித் திரும்பக் கொண்டுவந்துச்சு பார்த்தீங்களா! உங்க பொண்ணையும் விடக் கூடாது டீச்சர். அவளுக்காக என்ன வேண்டிக்கலாம்? சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

டீச்சர் சிரித்தார்.

"அவ போன்ல சார்ஜ் இறங்காம இருக்கணும்னு எழுதிக்கங்க."