எல்டர்விக்கின் புதிய பிரபு

சிட்னியிலிருந்து வந்த ரூபர்ட், ரயிலை விட்டு இறங்கியதும், அழைத்துப்போக வந்திருந்த என் கையில் தன் பெட்டியைத் திணித்தார்.

"நான்தான் இப்ப எல்டர்விக் பிரபு. அந்த ஊர் எந்தப் பக்கம்மா?"

"நீங்க நிக்கிறதே எல்டர்விக்தான்."

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். வெள்ளம் வடிந்த தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள்.

"உன்னை ஊருக்கே தெரியுதே!"

"மூணு நாள் சேர்ந்து மணல் மூட்டை அடுக்கினோம்."

"செத்துப்போன பிரபுவை நான் பார்த்ததுகூட இல்ல. தூரத்துச் சொந்தம். பட்டம் ஆம்பளைக்குத்தான் போகுமாம், தேடிப் பிடிச்சு எனக்குக் கொடுத்துட்டாங்க. ஆமா, அவருக்குப் பிள்ளைங்களே இல்லையா?"

பெட்டியைச் சேற்றில் போட்டேன்.

"ஒரு பொண்ணு இருக்கா. இவ்வளவு நேரம் உங்க பெட்டியைச் சுமந்துட்டு வந்தா."