வேலியோரம் வந்து நிற்கும் ஜூனிபர்

“டேய் எல்டன், ஒன் பழைய காதலியைப் புது மாப்பிள்ளை ஊர்வலமா கூட்டிட்டு வர்றான் பாரு!”

வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலமும் கையுமாக, வேலிக்கு வெளியே நின்று ஓசியில் பந்தயம் பார்க்கும் கூட்டம் கொல்லென்று சிரித்தது. எல்டன் சிரிக்கவில்லை. பக்கத்தில் நின்ற அவன் மனைவி வெர்னா பல்லைக் கடித்தாள்.

பந்தயத்துக்கு முன்னால், வண்டி பூட்டிய குதிரைகளை ஒரு சுற்று நடத்திக் காட்டுவார்கள். மற்ற குதிரைகளெல்லாம் வரிசையில் போக, ராய்ஸ் மட்டும் தன் இரண்டு சக்கர வண்டியைத் திருப்பி, நேராக எல்டன் நின்ற இடத்துக்கே வந்தான். நின்றான். வண்டியில் பூட்டியிருந்த ஜூனிபர் கழுத்தை நீட்டி, காதை நிமிர்த்தி, எல்டனையே பார்த்தது.

ராய்ஸ் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

சனிக்கிழமை தவறாமல் நடக்கிற கூத்துதான் இது. ஆனால் இன்றைக்கு ஆகஸ்ட் கோப்பை. தீவே திரண்டு வந்திருந்தது. இன்றைக்குமா?

“இதுக்காடா வாரா வாரம் வந்து நிக்குறோம்? வா, வீட்டுக்குப் போவோம்” என்றாள் வெர்னா.

“ஓடுறதைப் பார்த்துட்டுப் போயிடலாம் வெர்னா.”

ஜூனிபர் வேறொருவருக்குச் சொந்தம்தான்; ஆனால் எல்டன் வளர்த்துப் பழக்கிய குதிரை. ஈன்ற கையோடு தாய்க்குதிரை செத்துப்போக, புட்டியில் பால் கொடுத்துப் பிழைக்க வைத்தவன் அவன்தான். போன வருடம் இதே கோப்பைக்கு முந்தின நாள் அதற்கு முழங்கால் வீங்கியிருந்தது. ஓட விடக் கூடாது என்று எல்டனுக்குத் தெரியும். ஆனாலும் கோப்பை ஆசை. வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டு ஓட விட்டான்.

ஜெயித்தது. ரத்தத்தைச் சோதித்தார்கள். கோப்பை கையை விட்டுப் போயிற்று. மூன்று வருடத்துக்கு எல்டன் மைதானத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது, குதிரைக்காரர்கள் யாரும் அவனோடு பேசக் கூடாது என்று தடை போட்டார்கள். குதிரையின் முதலாளி அதைக் கொண்டுபோய் ராய்ஸிடம் ஒப்படைத்தார்.

ஊசி விஷயத்தை நடுவர்களிடம் சொன்னதே ராய்ஸ்தான். எல்டனின் இத்தனை வருடக் கூட்டாளி!

அன்றிலிருந்து எல்டன் பாதி ஆளாகிவிட்டான். வீட்டுப் பின்புறம் காலியாகக் கிடக்கும் லாயத்தைத் தினமும் கூட்டிப் பெருக்கினான். யாருக்காக என்று வெர்னா கேட்டதில்லை.

“எப்படிப் பார்த்துச்சு பார்த்தியா?” என்றான் இப்போது, மெதுவாக. “அதுக்கு என் மேல கோவம். வீங்குன காலோட என்னை ஓட விட்டியேன்னு மொறைக்குது. மொறைக்கட்டும். பார்த்தாப் போதும் எனக்கு.”

பந்தயம் ஆரம்பித்தது. நாலுகால் பாய்ச்சலுக்கு மாறாமல், நடையோட்டம் குலையாமல் ஜூனிபர் கடைசித் திருப்பத்தில் முன்னுக்கு வந்தது. எல்டன் வேலிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். “கையைத் தளர்த்துடா ராய்ஸ், அதுவா போகும்...” என்று அவன் வாய் முணுமுணுத்தது.

ஒரு தலை வித்தியாசத்தில் தோற்றது.

கூட்டம் ஊளையிட்டது. “வேலி வேலியா கூட்டிட்டுப் போய் வம்பிழுத்தா குதிரை எப்படிய்யா ஜெயிக்கும்?” வரிசைக்கு நேரத்தில் வராததற்காக ராய்ஸுக்கு மறுபடியும் அபராதம் என்று ஒலிபெருக்கி சொன்னது.

வெர்னாவுக்குத் தாங்கவில்லை. தடை எல்டனுக்குத்தானே, அவளுக்கு இல்லையே!

“நீ போய் நம்ம வண்டியில உக்காரு. இதோ வர்றேன்.”

மைதானத்து லாயத்துக்குப் பின்னால் ராய்ஸ் குதிரைக்கு வியர்வை துடைத்துக்கொண்டிருந்தான்.

“ஏன் ராய்ஸ், காட்டிக் கொடுத்தது பத்தலையா? வாரா வாரம் கொண்டுவந்து கண்ணுல காட்டி நோகடிக்கணுமா? அந்த மனுஷன் செத்துக்கிட்டிருக்கான்டா!”

“மெல்லப் பேசு வெர்னா. அது சாப்பிடுது.”

ஜூனிபர் ஓட்ஸ் வாளிக்குள் தலையை விட்டு அரக்கப் பரக்கத் தின்றுகொண்டிருந்தது.

“சொன்னது நான்தான்” என்றான் ராய்ஸ். “இன்னொரு ஊசி போட்டிருந்தா இதோட கால் போயிருக்கும். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன்.”

“சரி, அவன் செஞ்சது தப்புதான். அதுக்கு இந்த ஊர்வலம் எதுக்கு? குதிரை கோவத்துல மொறைக்குதுன்னு நினைச்சு நினைச்சு மருகுறான் அவன்.”

துடைத்துக்கொண்டிருந்த ராய்ஸின் கை நின்றது.

“கோவமா? என்கிட்ட வந்த புதுசுல இது தண்ணியைத் தவிர எதையும் தொடலை. டாக்டர் மருந்து கொடுத்துப் பார்த்தாரு. ம்ஹூம். எலும்பும் தோலுமா போச்சு. ஒரு சனிக்கிழமை நான் இழுக்க இழுக்கக் கேக்காம வேலிப் பக்கம் போய் நின்னுது. அங்கே எல்டன்.”

வெர்னா திரும்பி ஓட்ஸ் வாளியைப் பார்த்தாள்.

“அவன்கிட்ட நானே சொல்லியிருப்பேன். பேசினா என் உரிமமும் போயிடும், அப்புறம் இதை யார் பார்க்குறது? அடுத்த சனிக்கிழமை மழை கொட்டினாலும் அவனைக் கூட்டிட்டு வந்துடு வெர்னா. அவன் முகத்தைப் பார்த்துட்டு வந்தாத்தான் அந்த வாரம் இது வாளியில வாய் வைக்குது.”