தடுக்கப்பட்டது

"புது அப்டேட்டோட இலவசமாவே ஒரு பாதுகாப்பு வந்திருக்கும்மா. அதுதான் உங்க லேப்டாப்பைக் காப்பாத்தியிருக்கு" என்றார் மெக்கானிக்.

"எதுகிட்ட இருந்து?" என்று கேட்டாள், கடைக்கு வந்திருந்த பெண்.

"உள்ளே உளவு பார்க்கிற புரோகிராம் ஒண்ணு இருக்கு. போட்டு ரொம்ப வருஷமாச்சு. தினமும் காலையில ஆறு மணிக்கு யாரோ உங்க கேமரா வழியா பார்த்திருக்காங்க. நாலு நாளா இது தடுத்து வச்சிருக்கு."

"நாலு நாளா வரவே இல்லையா?"

"வராம என்ன? இன்னிக்குக் காலையில இருந்து விடாம முட்டிக்கிட்டே இருக்காங்க. இந்தப் பாதுகாப்பைக் கம்பெனிக்காரன் ஆரம்பத்துலயே சும்மா குடுத்திருக்கணும். சரி, அந்தச் சனியனை அழிச்சிடறேன்."

"அதை அழிக்காதீங்க. பாதுகாப்பை நிறுத்திடுங்க."

மெக்கானிக் நிமிர்ந்தார். "பார்க்கிறது யாருன்னு தெரியுமா?"

"என் வீட்டுக்காரர். கல்யாணமான புதுசுல சந்தேகப்பட்டுப் போட்டார். அப்போ பெரிய சண்டையே நடந்துச்சு."

"இதெல்லாம் தப்பும்மா. நேர்லயே பேசித் தீர்த்துக்கோங்க."

"அவர் போன படகு மூழ்கி மூணு வருஷமாச்சுங்க" என்றாள் அவள், மெதுவாக. "உடம்பு கிடைக்கல."

மெக்கானிக் திரைப் பக்கம் திரும்பினார். பிறகு பாதுகாப்பை நிறுத்தினார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. கேமராவின் ஓரத்தில் சின்னப் பச்சை விளக்கு எரிந்தது.

அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெக்கானிக் தன்னையறியாமல் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.