குண்டுத் தக்காளி

கேக்கும் பழமும் மூணு மூணாகச் சேர்த்து மறைய வைக்கும் போன் விளையாட்டு அது. அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்து ஆடிய ஸ்டோர் கீப்பருக்கு அன்றைக்கும் உயிர் தீர்ந்துவிட்டது. 'உயிர் வேணும்' பட்டனைத் தட்டினான்.

பத்தே விநாடியில் வந்துவிட்டது. அனுப்பியது, 'குண்டுத் தக்காளி' என்ற பெயரில் யாரோ.

"யாருன்னே தெரியாது. கேட்ட உடனே கொடுத்துடும், தங்கமான மனசு!" என்றான், பேக்கிங் அக்காவிடம்.

கையோடு போன் அடித்தது. அம்மா.

"நான் கேமைத் திறந்தா மட்டும் எப்படித்தான் மூக்குல வேர்க்குமோ!" என்று எடுத்தான். "மீட்டிங்ல இருக்கேம்மா. அப்பறம் பேசறேன்."

"சரிப்பா. முடிச்சிட்டுக் கூப்பிடு."

"ஸ்டோர் ரூம்ல என்னடா மீட்டிங்?" அக்கா சிரித்தாள். அவனுக்குச் சுருக்கென்றது. அடுத்த லெவல் வந்ததும் மறந்துபோனது. ஒரு வருஷமாக இதே கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் போன் சார்ஜ் ஏறவில்லை என்று பார்க்கப் போனான். திறந்தால் அதே கேக், அதே பழம். மூலையில் குண்டுத் தக்காளி. லெவல் ஒன்று.

"அம்மா... நீயா?"

"எனக்கு எங்கப்பா விளையாடத் தெரியும்? நீ உயிர் கேட்டா எங்க அமுக்கணும்னு பக்கத்து வீட்டுப் பொண்ணு காட்டுச்சு. நீ கேட்டா, வேலை இல்லாம இருக்கேன்னு அர்த்தமாம். அதான் அனுப்பிட்டு உடனே கூப்பிடுவேன்."

அவன் சார்ஜர் வயரை மறுபடி சொருகிப் பார்த்தான்.

அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "மீட்டிங்லயும் விளையாட விடறாங்களே, நல்ல கம்பெனிப்பா."