கார்மக் அடித்த கோல்

மெல்பர்னில் இருக்கும் அந்த ஐரிஷ்காரர்களின் கேலிக் கால்பந்துக் கழகத்துக்கு ஐம்பதாம் ஆண்டு விழா. எண்பத்து நாலாம் வருஷ இறுதிப் போட்டியில் கடைசி நிமிஷக் கோல் அடித்துக் கோப்பை வாங்கித் தந்த மறைந்த கார்மக்குக்காக, அவர் மனைவி ஊனா கேடயம் பெற்றுக்கொண்டார். கைதட்டல் அடங்கியதும் நேரே கிழவர் ஃபின்டனின் மேசைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நீங்களும் மைதானத்துல இருந்தீங்களாமே?"

"நம்ம ஃபின்டனா?" அந்தப் பக்கமாக வந்த இளவயதுத் தலைவர் சிரித்தார். "ஊர்லேர்ந்து வந்து இறங்கின புதுசு, கழகத்துல ஆட்டக்காரரா பதிவுகூட ஆகாத ஆளு. தண்ணி பாட்டில் தூக்கிட்டு ஓடியிருப்பாரு!"

ஃபின்டனும் சிரித்து வைத்தார். பழகிப்போன சிரிப்பு. தலைவர் நகர்ந்துவிட்டார்.

"எப்படி அடிச்சார்னு சொல்லுங்களேன்" என்றார் ஊனா.

"எதிர்க்காத்து. ரெண்டு பேர் மேல வந்து விழுறானுங்க. சட்டுனு திரும்பி இடது கால்ல விட்டான் பாருங்க! கார்மக் மாதிரி இன்னொருத்தன் பொறந்துதான் வரணும்."

"அவருக்கு இடது கால்ல உதைக்கவே வராது, ஃபின்டன்."

ஃபின்டன் தலை குனிந்தார்.

"தன் பேர்ல உங்களை ஆட விட்டுட்டு, அன்னைக்கு அவர் என்கூட கல்லறைத் தோட்டத்துல நின்னார். பொறந்த ரெண்டாம் நாளே போயிட்ட எங்க பையனைப் புதைச்சோம்."

"ஐயோ... வேலை இருக்குன்னுதானே சொன்னான்!"

"கோல் அடிச்சது அவர்னு பேப்பர்லயே வந்திடுச்சு. உண்மை தெரிஞ்சா கோப்பையைப் பிடுங்கிடுவாங்கன்னு, துக்கத்தை வெளிய சொல்லாமலே இருந்துட்டோம்."

ஊனா கேடயத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதை நீங்களே வச்சுக்குங்க. இத்தனை வருஷத்துல ஒருத்தரும் கேக்கல. நீங்களாவது என் பையன் பேர் என்னன்னு கேளுங்க."