தொண்ணூற்றாறில் நின்ற முள்

புருஷனின் பயணப் பையிலிருந்து எடுத்த சட்டையின் தோள்பட்டையை மூக்கருகே கொண்டுபோன சுமங்கலாவுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. வேறொருத்தியின் சென்ட் வாசனையாக இருந்திருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. இது பால் வாசனை. லேசாகப் புளித்த, தித்திப்பான பால் வாசனை.

"பேடா தின்னீங்களா?"

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த ஈரண்ணா திடுக்கிட்டு நிமிர்ந்தான். "பேடாவா? நானா?"

"தின்னுட்டு வாயைத் தோள்ல துடைச்சிருக்கீங்க. இந்த மாசத்துல இது மூணாவது தடவை. பால் பேடாவுக்குப் பேர்போன தார்வாடுல பொறந்த நாக்கு சும்மா இருக்குமா? டாக்டர் வயித்தைத்தான அறுத்தாரு!"

"பசவண்ணர் மேல சத்தியமா தொடலை சுமா. பஸ்ஸில கூட்டம். யார் பால் பாக்கெட்டோ ஒழுகியிருக்கும்."

சத்தியம் என்றதும் சந்தேகம் இன்னும் கூடியது. அவன் விதைக் கம்பெனிக்காரன். வாரத்தில் மூன்று நாள் வெளியூர். வழியெல்லாம் பேடா கடைகள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். "முதல்ல உங்க வீட்டுக்காரர் தொண்ணூறு கிலோவுக்குக் கீழ வரட்டும். அப்புறம் குழந்தைக்கு வைத்தியம் ஆரம்பிக்கலாம்" என்று கருத்தரிப்பு மருத்துவர் சொன்ன நாளிலிருந்து, எடை பார்க்கும் முள்தான் சுமங்கலாவுக்குக் குலதெய்வம். நூற்று நாற்பத்தாறு கிலோவாக இருந்தவனை, ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஹூப்ளியில் வயிற்றைச் சுருக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைத்தவளும் அவள்தான்.

எட்டு மாதத்தில் ஐம்பது கிலோ கரைந்தது. அப்புறம் தொண்ணூற்றாறில் முள் நின்றது நின்றதுதான். அரைச் சோள ரொட்டியோடு எழுந்துவிடுகிற மனுஷனுக்கு எடை குறையவில்லை என்றால், வெளியே தின்கிறான் என்றுதானே அர்த்தம்?

மறுநாள் பேடா கடைக்கே போய் நின்றாள்.

கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "அக்கா, முன்னெல்லாம் உங்க வீட்டுக்காரர் ஒருத்தராலயே எங்க அடுப்பு எரிஞ்சது. இப்ப கடையைக் கண்டா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயி நடக்கிறாரு. நீங்களாவது கால் கிலோ வாங்கிட்டுப் போங்க."

அவள் நம்பவில்லை. நல்ல வாடிக்கையை எந்தக் கடைக்காரன் காட்டிக்கொடுப்பான்?

எடை நின்றுபோன விஷயத்தைக் கேட்ட ஆபரேஷன் டாக்டர், குடல் கிருமிகளை ஆராய்கிற டாக்டர் விபா ஹிரேமட்டிடம் இருவரையும் அனுப்பினார். சின்னப் பெண். ஊருக்குப் புதிது.

"இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் குடல்ல இருக்கற கிருமிக் கூட்டமே மாறிடும் மேடம். நல்லது பெருகினா எடை குறையும். சில பேருக்குப் பழைய கூட்டம் திரும்பி வந்துரும். ரெண்டு பேரோட மலத்தையும் சோதிச்சுப் பார்ப்போம்."

"எனக்கு எதுக்கு டாக்டர்? நான் குச்சி மாதிரிதான இருக்கேன்?"

"ஒண்ணா வாழறவங்களுக்குள்ள கிருமி போய் வந்துட்டு இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க உங்களோடதும் வேணும்."

சுமங்கலா குரலைத் தாழ்த்தினாள். "இவரு திருட்டுத்தனமா இனிப்புத் தின்னா அதுல தெரியுமா?"

"ஓரளவுக்குத் தெரியும்."

அது போதும் அவளுக்கு. மறுநாள் காலையில் முதல் ஆளாக டப்பாவைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஈரண்ணாதான் "இதெல்லாம் எதுக்கு? நாலு நாள் நடந்தா தானா குறையும்" என்று இழுத்தான். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. டாக்டர் விபா தாள்களைப் புரட்டினாள்.

"நல்ல கிருமி கொஞ்சம் குறைஞ்சிருக்கு, அவ்வளவுதான். காய்கறி, பயறு கூடுதலா குடுங்க. முள் மறுபடி இறங்கும்."

"இனிப்பு?"

"இனிப்பு தின்ற அறிகுறியே இல்லை மேடம். பாவம், அவரைத் திட்டாதீங்க."

சுமங்கலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனை ஏச்சு, எத்தனை பேச்சு! சத்தியம் செய்த மனுஷனைத் திருடன் என்றாளே. மேஜைக்கு அடியில் அவன் கையைத் தேடிப் பிடித்தாள். அது வேர்த்துச் சில்லிட்டிருந்தது.

"மன்னிச்சிருங்க. இனிமே உங்களைச் சந்தேகப்பட்டா என்னை ஏன்னு கேளுங்க" என்றாள் மெல்ல.

அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கடைசித் தாளுக்கு வந்த டாக்டர் சிரித்தாள். "இங்க ஒண்ணு பாருங்க. தாய்ப்பால் குடிக்கிற குழந்தைங்க வயித்துல பெரும்பாலும் இருக்கற கிருமி இது. சார்கிட்ட இருக்கு. தூக்கி வச்சுக் கொஞ்சுறவங்களுக்கு ஒட்டிக்கிறது உண்டு. உங்களுக்கு ஒட்டலையே மேடம்! வீட்டுல அப்பாதான் செல்லமோ? குழந்தைக்கு எத்தனை மாசம்?"

சுமங்கலாவும் சிரித்தாள். யாருடைய ரிப்போர்ட்டோ மாறி வந்திருக்கிறது. "எங்களுக்கு ஏது டாக்டர் குழந்தை..." என்று ஆரம்பித்தாள்.

அவள் பிடியிலிருந்த கை மெதுவாக உருவிக்கொண்டது.

"அஞ்சு மாசம்" என்றான் ஈரண்ணா, தரையைப் பார்த்தபடி. "பொண் குழந்தை."