தொப்பிக்காரனின் பெயர்

"இந்த இடமும் வேணாம். அந்த மூலைக்குப் போயிடலாம்" என்று எழுந்தாள் வாருகுரு.

இது மூன்றாவது மேஜை. கெமுன்டோ தன் தேநீரைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். நைரோபி பஸ் நிலையத்துக்குப் பின்புறமிருந்த அந்தச் சின்ன ஓட்டலில் மதியக் கூட்டம் நெரிந்தது.

"சாப்பிட வந்தீங்களா, மேஜை விலைக்கு வாங்க வந்தீங்களா?" என்று கேட்டபடி, பரிமாறுகிற பெண் சப்பாத்தித் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

கெமுன்டோ போலீஸ் இல்லை. போலீஸ் செய்கிற அக்கிரமங்களை விசாரிக்க அரசு வைத்திருக்கும் பொதுமக்கள் ஆணையத்தின் அதிகாரி. துப்பாக்கி கிடையாது, சீருடை கிடையாது. போலீஸ் நிலையத்துக்குப் போனால் உட்கார நாற்காலிகூடத் தர மாட்டார்கள்.

தள்ளுவண்டியில் தண்ணீர் விற்றுக்கொண்டிருந்த முசெம்பியைச் சுட்டுக் கொன்றவன் சாதாரண உடையில் சுற்றும் போலீஸ்காரன். தலையிலிருந்து கம்பளித் தொப்பியைக் கழற்றவே மாட்டான் என்பதால் பேட்டை முழுக்க அவனுக்குத் தொப்பிக்காரன் என்றுதான் பெயர். நிஜப் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நிலையத்தில் கேட்டால், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரித்தார்கள். பட்டப்பெயரின் மேல் வழக்குப் போட முடியுமா? வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கிடைக்காவிட்டால் கோப்பை மூடிவிடச் சொல்லிவிட்டார் மேலதிகாரி. முசெம்பியின் மனைவி கைக்குழந்தையோடு ஆணைய வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் கெமுன்டோவுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே கூசியது.

நேற்றுத்தான் போன் வந்தது. 'அவன் பேரு எனக்குத் தெரியும்' என்று சொல்லி, இந்த ஓட்டலுக்கு வரச் சொன்னவள்தான் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் வந்ததிலிருந்து பெயரைத் தவிர மற்றதெல்லாம் பேசுகிறாள்.

"வேற யாராவது அவனைப் பத்திச் சொல்லியிருக்காங்களா? இல்ல, நான் ஒருத்திதானா?"

கெமுன்டோவுக்குச் சுருக்கென்றது. "அதையெல்லாம் சொல்ல முடியாதும்மா. சுட்டதை நீங்க பாத்தீங்களா?"

"பாக்கல. அவன் வாயாலயே சொன்னதைக் கேட்டேன். சாப்பிட்டுக்கிட்டே சொன்னான். 'அவன்கிட்ட ஒண்ணுமே இல்ல, அப்புறம்தான் பொம்மைத் துப்பாக்கியைப் பக்கத்துல வெச்சோம்'னான். சிரிச்சான் பொண்ணே."

"நீங்க சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கீங்களா? அங்க வருவானா?"

"சோறு போடுறவ முன்னால எவன் வாயை அடக்குறான்?" வாருகுரு வாசலைப் பார்த்தாள். உள்ளே நுழைந்தவன் யாரோ லாட்டரிச் சீட்டு விற்கிறவன். அவன் வெளியே போனதும்தான் இந்தப் பக்கம் திரும்பினாள். "கோர்ட்டுல நான் அவன் முன்னாடி நிக்கணுமா?"

"திரை போட்டு மறைப்பாங்க. குரலைக்கூட மாத்திடுவாங்க."

"அவனுக்கு என் குரல் தெரிஞ்சிடும்." கையைப் பிசைந்தாள். "பிடிச்சா எங்க வெப்பாங்க? ஜெயில்ல போலீஸ்காரனை மத்த கைதிங்க உசுரோட விடமாட்டாங்களாமே?"

"உங்களுக்கு எதுக்கும்மா அந்தக் கவலை? தனியாத்தான் வெப்பாங்க."

"தூக்கு உண்டா?"

கெமுன்டோ தேநீரைக் கீழே வைத்தாள். போன வருடமும் ஒருத்தி இப்படித்தான் வந்தாள். நைசாக வாயைக் கிளறி, மற்ற சாட்சிகள் யார் யார் என்று தெரிந்துகொண்டு போனாள். அனுப்பியது போலீஸ். பாவம், அந்தச் சாட்சிகள் குடும்பத்தோடு ஊரைவிட்டே ஓடினார்கள். மறுபடியும் அப்படி ஏமாறுவதா?

"உங்களை யாரு அனுப்பினாங்க?"

"என்ன கேக்குற நீ?"

"எத்தனை சாட்சி, எங்க வெப்பீங்க, என்ன தண்டனை... எல்லாம் நீங்கதான் கேக்கறீங்க. நான் கேட்ட ஒண்ணே ஒண்ணு, பேரு. அது மட்டும் வரமாட்டேங்குது. தொப்பிக்காரன்கிட்ட போய்ச் சொல்லுங்க, ஆணையத்துப் பொம்பளை பயந்துடலன்னு." கெமுன்டோ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். கோபத்தில் குரல் உயர்ந்து, பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வாருகுரு எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"உக்காரு மகளே. செத்தவனோட பொண்டாட்டி நேத்து மார்க்கெட்டுல குழந்தையோட நின்னா. என்னைப் பாத்துச் சிரிச்சா. அவளுக்கு என்னைத் தெரியாது. அதுக்கப்புறம்தான் உனக்குப் போன் பண்ணினேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "எழுதிக்கோ. கிதின்ஜி வஹோமே."

கெமுன்டோ பேனாவை எடுக்கவில்லை. நின்றபடியே கேட்டாள். "அவன்கூட வேலை பாக்கறவங்களே வாயைத் திறக்கல. உங்களுக்கு மட்டும் யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல."

"பின்னே?"

வாருகுரு இப்போது வாசலைப் பார்க்கவில்லை. கெமுன்டோவின் முகத்தையே பார்த்துச் சொன்னாள்.

"வஹோமே என் வீட்டுக்காரர் பேரு. கிதின்ஜி எங்கப்பா பேரு. ரெண்டாவது மகன் பொறந்தா, பெத்தவளோட அப்பா பேரைத்தானே எங்க சனம் வைக்கும்?"